பழைய சென்சஸ் தொகுதிகளில் உங்கள் ஊரைத் தேடுவது எப்படி

கொள்ளுத்தாத்தாவின் பெயர் 1901 சென்சஸில் இருக்கும் என்று நம்பி ஆவணக்காப்பகத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்பவேண்டும். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வீட்டுவாரியாகப் பெயர் எழுதிய பழைய தாள்களைப் பாதுகாத்து, குறிப்பிட்ட காலம் கழிந்ததும் மக்கள் பார்வைக்கு விட்டுவிடுகிறார்கள். நம் பக்கம் அப்படி இல்லை. கணக்கெடுப்பாளர் வீடு வீடாகப் போய் அட்டவணைத்தாளில் எழுதுவார். 1901 முதல், அதிலிருந்து ஆளுக்கொரு துண்டுச்சீட்டாகப் படியெடுப்பார்கள். மதத்துக்கு ஒரு நிறத்தில் சீட்டு, ஆணா பெண்ணா, மணமானவரா இல்லையா என்பதற்கு ஒரு குறி. சீட்டுகளைப் பிரித்து அடுக்கி எண்ணி, கூட்டுத்தொகையைப் பதிவேட்டில் ஏற்றியதும் சீட்டுக்கும் வேலை முடிந்தது, மூலத்தாளுக்கும் வேலை முடிந்தது. வைத்திருக்க இடமும் இல்லை, வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் இல்லை, அழித்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு வந்த 1948-ஆம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தனிமனிதர் விவரங்களை யாரும் பார்வையிட முடியாது, நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் வைக்க முடியாது என்று கதவைச் சாத்திவிட்டது.

ஆக, சென்சஸில் தேடவேண்டியது ஆளை அல்ல, ஊரை. அந்த ஊரில் எத்தனை வீடு, எத்தனை ஆண், எத்தனை பெண். தாலுகாவில் எந்த மதத்தார் எவ்வளவு. மாவட்டத்தில் எந்தச் சாதி, எந்தத் தொழில், எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பவை எல்லாம் கிடைக்கும். ஊரிலிருந்து மாவட்டத்துக்கு ஏற ஏற விவரம் கூடும். இறங்க இறங்கக் குறையும். ஊர் வரலாறு எழுதுவோருக்கும், கோயில், ஏரி, பள்ளிக்கூடம் பற்றி ஆராய்வோருக்கும் இதுவே பெரிய புதையல். பெயர்தான் வேண்டும் என்பவர்களுக்கு வேறு ஆவணங்கள் உண்டு, அவை கடைசியில்.

முதல் வேலை வீட்டிலேயே

காப்பகத்துக்குக் கிளம்பும் முன் ஒரு முழுத்தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் வரிசையாக 1871, 1881, 1891, 1901, 1911, 1921, 1931, 1941, 1951. மேலே தலைப்பாக: மாவட்டம், தாலுகா, பிர்க்கா (தாலுகாவின் உட்பிரிவு), ஊர்ப்பெயர் அச்சில் இருக்கும் எழுத்துக்கூட்டல், தொகுதி, பக்கம். முதல் இரண்டு கட்டங்களை நிரப்பாமல் போகிறவர்கள் பாதி நாளைத் தவறான தொகுதியில் கழிக்கிறார்கள்.

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இன்று அது விருதுநகர் மாவட்டம். ஆனால் விருதுநகர் மாவட்டம் பிறந்ததே 1985-இல். அதற்கு முன் ராமநாதபுரம். அந்த ராமநாதபுரம் மாவட்டமும் 1910-இல் மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்தெடுத்து உண்டாக்கியதுதான். சாத்தூர் திருநெல்வேலியிலிருந்து வந்தது. எனவே 1871 முதல் 1901 வரை திருநெல்வேலிப் பக்கங்களில் தேடவேண்டும். 1911 முதல் ராமநாதபுரத்தில். 1901 தொகுதியில் ராமநாதபுரம் மாவட்டத்தைத் தேடினால் அப்படி ஒரு மாவட்டமே இருக்காது.

இப்படிச் சிக்கவைக்கும் இடங்கள் இன்னும் சில. கரூர் தாலுகா 1910-இல்தான் கோயம்புத்தூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்குப் போனது. 1901 வரை கோயம்புத்தூரில் பாருங்கள். சித்தூர் மாவட்டம் 1911-இல் பிரியும்வரை அந்தப் பகுதி பெரும்பாலும் வட ஆர்க்காடு. திருத்தணிக்காரர்களுக்கு அதன் தொடர்ச்சி: 1960 வரை அவர்கள் ஊர் சித்தூர் மாவட்டக் கணக்கில். கொள்ளேகால் 1956 வரை கோயம்புத்தூர். புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தவை; சென்னை மாகாணத் தொகுதிகளில் அவற்றைத் தேடுவது வீண். புதுக்கோட்டை 1948 மார்ச்சில் இணையும்வரை தனிச் சமஸ்தானம். ஆனால் அதன் கணக்கு சென்னை மாகாணத் தொகுதிக்குள்ளேயே மாவட்டங்களுக்குப் பிறகு தனி வரியாக இருக்கும். பலர் அந்தக் கடைசி வரிவரை போவதில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்தாரும் செங்கோட்டைக்காரர்களும் சென்னை மாகாணத்தையே மறந்துவிடுங்கள். 1949 வரை அது திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. திருவிதாங்கூர் தன் முதல் முறையான சென்சஸை 1875 மே 18-இல் எடுத்தது. அறிக்கை எழுதியவர் நாகம் அய்யா. அதன் மொத்தம் 23 லட்சத்து 11 ஆயிரத்துச் சொச்சம். சென்னையின் 1871 கணக்கோடு இதை அப்படியே கூட்டக்கூடாது, நடுவில் மூன்றரை ஆண்டு இருக்கிறது. அந்தத் தொகுதியில் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தவிர இரணியல் என்று ஒரு தாலுகாவும் இருக்கும். அது பின்னாளில் கல்குளத்தோடு சேர்ந்துவிட்டது. 1875-இன் கல்குளத்தையும் 1931-இன் கல்குளத்தையும் ஒப்பிட்டு, மக்கள்தொகை தாவி ஏறிவிட்டது என்று எழுதினால் அது ஏறியதல்ல, ஒட்டியது. அங்கே கிராமத்துக்குப் பதில் பகுதி என்ற அலகு. கையெழுத்து ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வரும்: ஆவணி முதல் டிசம்பர் வரையிலான தேதி என்றால் 824 கூட்டவும், ஜனவரி முதல் ஆடி முடிய உள்ள தேதி என்றால் 825. ஆக 1050-ஆம் ஆண்டு இடவ மாதம் என்றால் 1875.

அடுத்து எழுத்துக்கூட்டல். டின்னவெல்லி, டாஞ்சூர், டிரிச்சினாப்பலி, காஞ்சீவரம், செங்கல்பட்டுக்குச் சிங்கிள்புட், நாகப்பட்டினத்துக்கு நெகபட்டாம் என்று பெரிய ஊர்களைக் கண்டுபிடித்துவிடலாம். சின்ன ஊர்தான் பாடு படுத்தும். ழகரம் ஒரு தொகுதியில் 'எல்' எழுத்திலும் இன்னொன்றில் 'இசட்' எழுத்திலும் வரும். குறிச்சி 'கே'-யில் தொடங்கலாம், 'சி'-யிலும் தொடங்கலாம். கீழ, மேல, வட, தென் என்ற முன்னொட்டு இருந்தால் அதை ஒட்டியும் போடுவார்கள், காற்புள்ளி வைத்துப் பின்னால் தள்ளியும் போடுவார்கள். அகரவரிசையை நம்பாமல் தாலுகாவின் எல்லா ஊர்ப்பெயர்களையும் ஒருமுறை கண்ணால் ஓட்டிவிடுங்கள். ஒரு தாலுகாவுக்கு அரைமணி நேரம் ஆகும். அது செலவழிக்கத் தகுந்த அரைமணி.

உங்கள் ஊர் சென்சஸ் கண்ணுக்கு ஊரே இல்லாமல் இருக்கலாம்

சென்னை மாகாணத்தில் சென்சஸ் கிராமம் என்பது வருவாய்க் கிராமம். ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணம் கணக்கு எழுதிய எல்லைதான் கணக்கு. நாம் ஊர் என்று சொல்லும் பட்டியும் கொட்டாயும் குப்பமும் பாளையமும் பல இடங்களில் ஒரே வருவாய்க் கிராமத்தின் உட்கிடைகள். நான்கு உட்கிடை சேர்ந்து ஒரு வரியில் ஒரே தொகையாக நிற்கும். பிரித்தெடுக்க வழியே இல்லை. கோயம்புத்தூர்ப் பக்கம் வருவாய்க் கிராமங்கள் பெரியவை, அங்கே இந்தத் தொல்லை அதிகம். தஞ்சாவூர்ப் பக்கம் சிறிய கிராமங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி வரி கிடைக்கும் வாய்ப்புக் கூடுதல். கிராம நிர்வாக அலுவலகத்தில் உங்கள் ஊரின் வருவாய்க் கிராமப் பெயரையும் எண்ணையும் முதலில் கேட்டு வாங்குங்கள். பெயருக்கு எதிரே தொகை இல்லாமல் கோடு மட்டும் இருந்தால் அச்சுப் பிழை அல்ல. நிலம் இருக்கும், குடி இல்லாத கிராமம். ஜமீன், இனாம் (மானிய) கிராமங்களைச் சில பட்டியல்களில் ரயத்துவாரிக் கிராமங்கள் (உழவரே அரசுக்கு நேரடியாக வரி கட்டியவை) முடிந்த பிறகு தனியாகப் போட்டிருப்பார்கள். முதல் பட்டியலில் காணவில்லையென்றால் பக்கத்தைப் புரட்டுங்கள்.

எந்த ஆண்டுக்கு எந்தத் தொகுதி

1871-க்கு முன்பும் எண்ணினார்கள். 1851-52 தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒருமுறை வருவாய்த் துறை ஊழியர்கள் தலை எண்ணிக்கை அனுப்பினார்கள். பழைய தமிழ்ப் பதிவுகளில் கானேஷுமாரி என்ற சொல்லைப் பார்த்தால் அது இதுதான். பிறகு ஜனசங்கியை, குடிமதிப்பு, சென்சஸ் என்று சொல் மாறிக்கொண்டே வந்தது. அந்த ஐந்தாண்டுக் கணக்குகளை மொத்தத் தொகைக்கு மேல் நம்பாதீர்கள்.

1871 நவம்பரில் எடுத்ததே மாகாணத்தின் முதல் முழு சென்சஸ். அறிக்கை கார்னிஷ் எழுதியது, 1874-இல் அச்சானது. இதோடு மாவட்டவாரியாக, ஒவ்வொரு கிராமத்துக்கும் பரப்பு, சாதி, தொழில் காட்டும் தனிப் பட்டியல் நூல்களும் அதே காலத்தில் வந்தன. கிராம அளவில் சாதியும் தொழிலும் கிடைப்பது அபூர்வம். உங்கள் மாவட்டத்துக்கு அந்த நூல் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் அப்புறம் என்று வைத்துவிட்டு முதலில் அதை எடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: அகில இந்தியத் தொகுதிகளில் இந்த முதல் கணக்கை 1872 என்று தலைப்பிட்டிருப்பார்கள். சென்னைக்கு அது 1871 தான்.

அடுத்தவற்றுக்கு மாகாண சென்சஸ் கண்காணிப்பாளர் பெயரும் தொகுதியும்: 1881-க்கு மாக்ஐவர், ஐந்து தொகுதி. 1891-க்கு ஸ்டூவர்ட், அகில இந்திய வரிசையில் 13, 14, 15-ஆம் தொகுதிகள். 1901-க்கு பிரான்சிஸ், 15-ஆம் தொகுதி. 1911-க்கு மலோனி, 12. 1921-க்கு போக், 13. 1931-க்கு ஈட்ஸ், 14. 1941-க்கு எல்வின், 2-ஆம் தொகுதி. தொகுதி எண் ஒவ்வொரு முறையும் மாறுவதைக் கவனியுங்கள். அட்டையில் ரோமன் எண்தான் இருக்கும். நூலகப் பட்டியலிலோ ஒரு பதிவு ரோமன் எண்ணிலும் அடுத்த பதிவு சாதாரண எண்ணிலும் இருக்கும். எண்ணை மட்டும் சொல்லித் தேடாமல், ஆண்டு, மாகாணம், கண்காணிப்பாளர் பெயர் என்ற மூன்றையும் வைத்துத் தேடுங்கள். ஒவ்வொரு தொகுதியும் பாகங்களாகப் பிரியும்: முதல் பாகம் அறிக்கை, அதாவது கட்டுரை, இரண்டாம் பாகம் அட்டவணைகள், மாகாண அட்டவணைகள் சில ஆண்டுகளில் இரண்டாம் பாகத்தின் வாலில், சில ஆண்டுகளில் தனியாக. தாலுகா விவரம் பெரும்பாலும் இந்த மாகாண அட்டவணையில்தான்.

1941-இல் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். போர்க்காலம், பணம் இல்லை. எண்ணினார்கள், முழுதாக அட்டவணைப்படுத்தவில்லை. மதம் என்ற தலைப்புக்குப் பதில் சமுதாயம் என்று போட்டதால் 1931-ஓடு நேரே ஒப்பிடவும் முடியாது. 1951 முதல் மாவட்ட சென்சஸ் கையேடுகள் வருகின்றன. கிராமவாரித் தொகை அதில் ஒழுங்காக இருக்கும். 1961-க்கு நம்பியார் மேற்பார்வையில் வந்த கிராம ஆய்வு நூல்களும் கோயில்கள், திருவிழாக்கள் பற்றிய தொகுதிகளும் சென்சஸ் என்ற பெயரில் கிடைக்கும் நல்ல இனவரைவியல். இடைப்பட்ட ஆண்டுகளின் கிராமப் பட்டியல்கள் முதன்மைத் தொகுதியோடு கட்டப்பட்டிருப்பதில்லை. 'வில்லேஜ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்று மாவட்டப் பெயரோடு தனித் தலைப்பாகத் தேடுங்கள். தாலுகா அளவு போதுமென்றால் மாவட்ட கெஜட்டியரின் (மாவட்ட விவரநூல்) புள்ளிவிவர அனுபந்தம் கைக்கடக்கமான நூல். சென்சஸ் தொகையோடு நிலவரி, மழை, பள்ளிக்கூட விவரங்களும் பக்கத்திலேயே இருக்கும்.

அட்டவணை எண்ணில் ஒரு பொறி

1901, 1911, 1921 மூன்றிலும் சாதிக்கு 13-ஆம் அட்டவணை. அந்தப் பழக்கத்தில் 1931-இன் 13-ஐப் பிரித்தால் எழுத்தறிவு நிற்கும்; சாதி 17-க்குப் போய்விட்டது. 1911-இல் மதம் 6, கல்வி 8, மொழி 10, பிறப்பிடம் 11, தொழில் 15. 1931-இல் பிறப்பிடம் 6, தொழில் 10, மொழி 15, மதம் 16. இரண்டு ஆண்டிலும் மாறாதவை முதல் ஐந்தும் ஏழாவதும் மட்டுமே: பரப்பு, ஏற்ற இறக்கம், ஊர்களின் வகைப்பாடு, நகரங்களுக்கு இரண்டு, பிறகு வயதும் மணநிலையும்.

இரண்டாம் அட்டவணை பலர் தாண்டிப்போகும் ஒன்று, ஆனால் மாவட்ட அளவில் ஒப்பிடுகிறவர்களுக்கு அதுதான் உயிர். முந்தைய சென்சஸ்களின் தொகைகளை, அந்தத் தொகுதி வெளியான ஆண்டின் எல்லைக்கு ஏற்பத் திருத்தி அங்கே கொடுத்திருப்பார்கள். 1901 தொகுதியில் திருநெல்வேலி மொத்தத்தை எடுத்து 1931 தொகுதியின் திருநெல்வேலியோடு ஒப்பிட்டால் சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் ஒரு பக்கம் இருக்கும், மறுபக்கம் இருக்காது. 1931-இன் இரண்டாம் அட்டவணையில் 1901 பத்தியை எடுத்தால் அந்தக் கவலை இல்லை.

தொகை குறைந்திருந்தால் உடனே பிழை என்று முடிவுகட்டாதீர்கள். சேலம் மாவட்டம் 1871-இல் 19 லட்சத்து 66 ஆயிரத்துச் சொச்சம். 1881-இல் 15 லட்சத்து 99 ஆயிரத்துச் சொச்சம். ஏறக்குறைய 19 விழுக்காடு சரிவு. அச்சுக்கோப்பவர் தவறல்ல, இடையில் 1876-78 பஞ்சம், நம் பாட்டிமார் தாது வருஷப் பஞ்சம் என்று சொன்னது. மாகாணம் முழுவதுமே 3.12 கோடியிலிருந்து 3.08 கோடிக்கு இறங்கியது. 1911-க்கும் 1921-க்கும் இடையில் 4.14 கோடி 4.23 கோடியானதோடு நின்றதற்கு 1918 இன்புளூயன்சாவை மறக்கக்கூடாது.

காப்பகத்தில்

சென்னை எழும்பூரில் காந்தி இர்வின் சாலையில் இருக்கும் சிவப்புக் கட்டடம்தான் தமிழ்நாடு ஆவணக்காப்பகம். 1909-இலிருந்து அங்கே இருக்கிறது, முன்பு மெட்ராஸ் ரெக்கார்டு ஆபீஸ். திருவிதாங்கூர் ஆவணங்களுக்குத் திருவனந்தபுரத்தில் கேரள மாநில ஆவணக்காப்பகம். அச்சுத் தொகுதிகளுக்கு மட்டும் என்றால் கன்னிமாரா நூலகமும் தரமணியில் ரோஜா முத்தையா நூலகமும் பார்க்கத் தகுந்தவை. அதற்கும் முன்னால் இணையத்தில் தேடிவிடுங்கள்: சென்சஸ் துறையின் இணையதளம், இன்டர்நெட் ஆர்க்கைவ், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் ஆகியவற்றில் 1871 முதல் பல தொகுதிகள் படமாக உள்ளன.

மின்படிவத்தில் இரண்டு குறை உண்டு. மடித்து ஒட்டிய பெரிய அட்டவணைகளையும் வரைபடங்களையும் விரிக்காமலேயே படம் எடுத்திருப்பார்கள். பாதிப் பத்திகள் மடிப்புக்குள் போயிருக்கும். அடுத்து, எழுத்துணரி மூலம் வந்த எண்களில் 3-உம் 8-உம், 1-உம் 7-உம் இடம் மாறும். படத்தைப் பார்த்தே எழுதுங்கள், உடனே கூட்டிப் பாருங்கள்: ஆண் கூட்டல் பெண் மொத்தம் ஆகவேண்டும், கிராமங்களின் கூட்டுத்தொகை தாலுகா ஆகவேண்டும். கூட்டல் இடித்தால் முதலில் உங்கள் படியை, பிறகு தொகுதியின் தொடக்கத்தில் ஒட்டிய பிழைதிருத்தச் சீட்டைப் பாருங்கள். அந்தச் சின்னச் சீட்டு பல பிரதிகளில் உதிர்ந்துபோயிருக்கும், ஆகவே இரண்டாவது பிரதியும் பார்ப்பது நல்லது.

காப்பகத்துக்கென்றே போகவேண்டிய காரணம் அச்சுத் தொகுதி அல்ல, அரசாணைகள். சென்சஸ் எடுக்க வழிகாட்டிய உத்தரவுகள், தமிழில் பெயர்த்த கேள்விப் படிவங்கள், கர்ணங்களுக்கு வந்த கடிதங்கள், எங்கள் சாதியை இந்தப் பெயரில் எழுதுங்கள் என்று சங்கங்கள் கொடுத்த மனுக்கள், அவற்றுக்கு அரசின் பதில் எல்லாம் அந்தக் கட்டுகளில்தான். அரசாணை (ஜி.ஓ.) எண், துறை, நாள் மூன்றும் சரியாக எழுதாமல் கேட்டால் கட்டு வெளியே வராது. எண் தெரிய, துறைவாரியாக ஆண்டுக்கு ஆண்டு வெளியான பொருளடைவுத் தொகுதியைப் பாருங்கள். வருவாய்த் துறை, பொதுத் துறை இரண்டிலும் தேடவேண்டும். ரெவின்யூ போர்டு நடவடிக்கைகள் தனி வரிசை. சென்சஸ் ஆண்டை மட்டும் பார்த்தால் போதாது. ஏற்பாடுகள் இரண்டாண்டு முன்பே தொடங்கும், அறிக்கை அச்சேறி கணக்குத் தீர்க்க இரண்டு மூன்று ஆண்டு பின்னால் இழுக்கும். 1911-க்கு என்றால் 1909-இலிருந்து 1914 வரை. அடைவில் 'சென்சஸ்' என்ற தலைப்போடு 'பாப்புலேஷன்', 'காஸ்ட்' என்ற தலைப்புகளையும் பாருங்கள். எண்ணுக்குப் பின்னால் வரும் எம்.எஸ்., மிஸ். போன்ற சுருக்கத்தை விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அதே எண்ணில் அதே ஆண்டில் வேறு வரிசையில் இன்னொரு ஆணை இருக்கும்.

அடையாளச் சான்று, ஆய்வுப் பொருளைச் சொல்லும் கடிதம், கல்வி நிறுவனத்தில் இருப்பவர் என்றால் அங்கிருந்து ஒரு பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். எழுத பென்சில், மைப்பேனா ஆவணத்தின் அருகிலேயே வரவேண்டாம். நூறாண்டுத் தாள் ஓரத்தில் அப்பளம் மாதிரி நொறுங்கும். பக்கத்தை மேல் மூலையில் பிடித்து உள்ளங்கையால் தாங்கிப் புரட்டுங்கள், விரலை நாக்கில் தொட்டுப் புரட்டும் பழக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். படி எடுக்கும்போது அட்டவணையின் தலைப்புப் பக்கத்தையும் அடிக்குறிப்பையும் சேர்த்தே எடுங்கள். தலைப்பு இல்லாத எண்கள் வீட்டுக்கு வந்தபின் எந்தப் பத்தி எதற்கு என்று தெரியாமல் கிடக்கும்.

எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும்

1931 வரை ஒரே இரவுக் கணக்கு. 1881-இல் பிப்ரவரி 17, 1891-இல் பிப்ரவரி 26, 1901-இல் மார்ச் 1, 1911-இல் மார்ச் 10, 1921-இல் மார்ச் 18, 1931-இல் பிப்ரவரி 26. அந்த இரவில் யார் எங்கே இருந்தாரோ அங்கே அவர் கணக்கு. ஊர்க்காரர் திருவிழாவுக்குப் போயிருந்தால் திருவிழா நடக்கும் ஊரில் ஏறிவிடுவார். சிறிய கோயில் ஊரில் தொகை திடீரென்று வீங்கியிருந்தால் அந்த நாளின் பஞ்சாங்கத்தைப் பாருங்கள். மாசியும் பங்குனித் தொடக்கமும் என்பதால் அறுவடை முடிந்து கூலிக்கு வெளியே போனவர்களும் உண்டு. இலங்கைத் தோட்டத்துக்கோ மலேயாவுக்கோ போனவர்கள் இங்கே இல்லவே இல்லை. அவர்களை இலங்கை, மலாயா சென்சஸ் தொகுதிகளில்தான் தேடவேண்டும்.

வயது அட்டவணையில் 20, 30, 40, 50 எல்லாம் மலைபோல் நிற்கும், 29-உம் 31-உம் பள்ளமாகக் கிடக்கும். பிறந்த தேதி தெரியாதவர் முழு எண்ணைச் சொன்னதன் விளைவு. 1931-இல் இதற்காகவே வயதை அருகிலுள்ள பிறந்தநாளுக்கு எழுதச் சொன்னார்கள், பிறகு எண்களைச் சமன்செய்தே அச்சிட்டார்கள். அதனால் 1931-இன் வயதை 1921-இன் வயதோடு ஒற்றை ஆண்டு அளவில் ஒப்பிடுவது பயனற்ற வேலை.

எழுத்தறிவுக்கு வரையறை நகர்ந்திருக்கிறது. 1881, 1891-இல் படிப்பவர், படித்தவர், படிக்காதவர் என்று மூன்று வகை. 1901 முதல் இரண்டே வகை. 1911-இல் நண்பனுக்கு ஒரு கடிதம் எழுதி அவன் பதிலைப் படிக்கத் தெரிந்தவரே எழுத்தறிவுடையவர் என்று சோதனை வைத்தார்கள். தொழிலில் 1901 முதல் 1921 வரை உழைப்பவர், சார்ந்திருப்பவர் என்று இரண்டு. 1931-இல் சம்பாதிப்பவர், உழைத்தும் சார்ந்திருப்பவர், வெறுமனே சார்ந்திருப்பவர் என்று மூன்று. பெண்களின் வேலை எந்தக் கட்டத்தில் விழுந்தது என்பது இங்கேதான் மாறுகிறது. பெண்கள் வேலையை விட்டுவிட்டார்கள் என்று எழுதும் முன் கட்டத்தின் பெயரைப் படியுங்கள்.

சாதி எண்ணில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஒரே மக்கள் வேறுவேறு ஆண்டில் வேறு பெயரில் வருவார்கள். 1911 வரை சாணார் என்று இருந்தவர்கள் 1921-இல் நாடார். அதே சமயத்தில் பறையர் என்று எழுதப்பட்டவர்களில் பலர் ஆதிதிராவிடர் என்று எழுதச் சொன்னார்கள். இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், இரண்டையும் பாராமல் ஒன்று குறைந்தது என்று சொல்லக்கூடாது. சிறு சாதிகளை எல்லாத் தொகுதியிலும் தனியே அச்சிடவில்லை, 'பிறர்' என்ற வரியில் கரைத்துவிட்டார்கள். உட்பிரிவு எந்தத் தலைச்சாதியின்கீழ் போனது என்பதை அந்தந்த அறிக்கையின் சாதி அத்தியாயத்தில் பார்த்துவிட்டே அட்டவணைக்கு வாருங்கள். சாதிவாரி முழு எண்ணிக்கை அச்சான கடைசி சென்சஸ் 1931 என்பதால் எல்லோரும் அதையே மேற்கோள் காட்டுகிறார்கள். அந்த எண் எந்த எல்லைக்கு உரியது, எந்தப் பெயரின்கீழ் என்ற இரண்டும் இல்லாத மேற்கோள் அரட்டைக்குத்தான் ஆகும்.

பெயர்தான் வேண்டும் என்றால்

இனாம் நிலம் இருந்த ஊர் என்றால் இனாம் கமிஷன் பதிவேடு முதல் இடம். 1858-இல் அமைந்த கமிஷன் ஊர் ஊராக விசாரித்து, யாருக்கு எந்த நிலம், யார் கொடுத்தது, இப்போது அனுபவிப்பவர் யார், வயது என்ன, வாரிசு யார் என்று நெடும் பத்திகளில் எழுதியிருக்கிறது. கோயில் பூசாரி, நாதஸ்வரக்காரர், சத்திரம் நடத்தியவர், தச்சர், வண்ணார் என ஊழியத்துக்கு நிலம் பெற்ற பலர் பெயரோடு அதில் இருக்கிறார்கள். கேட்கும்போது மாவட்டம், தாலுகா, கிராமம், தெரிந்தால் பட்டய எண்ணும் கொடுங்கள்.

ரயத்துவாரி ஊருக்கு நில அளவை செட்டில்மென்ட் (நிலவரி நிர்ணயம்) பதிவேடு: சர்வே எண், பரப்பு, மண் தரம், தீர்வை, பட்டாதார் பெயர். மறு செட்டில்மென்ட் நடந்தபோது மறுபடியும் எழுதினார்கள் என்பதால் ஒரே சர்வே எண்ணை இரண்டு பதிவேட்டில் பிடித்தால் தந்தையும் மகனும் கிடைப்பார்கள். நிலமில்லாதவர் இதில் வரமாட்டார். அவர்களுக்குப் பிறப்பு இறப்புப் பதிவேடும், கிறித்தவர் என்றால் பங்குக்கோயிலின் ஞானஸ்நானப் புத்தகமும், கடல் கடந்தவர் என்றால் ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியலும்தான் வழி. கப்பல் பட்டியலில் தந்தை பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் வரை எழுதியிருப்பார்கள். அந்தத் தாலுகாவை அதே காலத்து சென்சஸ் தொகுதியின் ஊர்ப்பட்டியலோடு வைத்துப் பார்த்தால், சிதைந்த எழுத்துக்கூட்டலில் இருக்கும் ஊர் எதுவென்று பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.